பூச்சி கடிச்சிருச்சு

மதுரைப் பக்கத்துப் பாம்புகளைப் பற்றி இணையத்தில் ஒரு வழிகாட்டியை ஆறு வருஷமாகச் சம்பளமில்லாமல் நடத்திவந்தான் கார்த்திகேஷ். எது விஷம், எது சாது, கடித்தால் என்ன செய்வது, எல்லாம் படத்தோடு இருக்கும். பிழைப்புக்கு ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை. ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அறுந்த ஒயரைப் படமெடுத்து அனுப்பி, "இது என்ன பாம்பு?" என்பார்கள். பதில் சொன்னால் ஒரு நன்றி வராது. தாமதித்தால் வசவு மட்டும் தவறாமல் வரும்.

அன்று காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்கும்போதே, முத்துச்செல்வி என்ற பெயரில் ஒரு செய்தி. "எங்க வீட்டுக்காரரப் பூச்சி கடிச்சிருச்சு. வலி இல்லங்கிறாரு. என்ன செய்ய?"

கார்த்திகேஷுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பாம்புப் பக்கத்தில் வந்து பூச்சியைக் கேட்டால்? "பூச்சிக்கடிதானே, சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போதும்" என்று தட்டிவிட்டான். உடனே பதில் வந்தது. "ரொம்ப நன்றி அண்ணே. இப்பத்தான் உசுரு வந்துச்சு."

அந்த ஒரு நன்றியில் மனம் குளிர்ந்துபோனது. வழிகாட்டியைக் கூடச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் அழகுராஜா ஒன்பது மணிக்கு டீ குடிக்க வந்தபோது, பெருமையாகப் போனை நீட்டினான்.

அழகுராஜா சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வாசித்தவன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"மாப்ள, பூச்சின்னா என்னான்னு நெனச்ச?"

"தேளு, பூரான், எதாச்சும் இருக்கும்."

"அடப்பாவி! எங்க பக்கம் பாம்புங்கிற பேரையே எடுக்கமாட்டாக. பூச்சின்னுதான் சொல்லுவாக."

கார்த்திகேஷ் போனைப் பிடுங்கி மறுபடி வாசித்தான். வீட்டில் சௌராஷ்டிர மொழி, தெருவில் டவுன் தமிழ் என்று வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. வலி இல்லை என்றாளே! கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது என்று அவனே அல்லவா எழுதி வைத்திருக்கிறான்?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதினான். அவள் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதினான். நம்பரும் இல்லை. பழைய செய்திகளைத் துழாவியபோது, போன வருஷம் அவள் அனுப்பிய பாம்புச் சட்டைப் படம் கிடைத்தது. பின்னால் ஒரு செங்கல் காளவாசல் தெரிந்தது.

"இது எங்க ஊருக் காளவாசல்டா, ஏறு!" என்று வண்டியை எடுத்தான் அழகுராஜா. போகும்போதே ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள். வழி நெடுக கார்த்திகேஷுக்கு, செத்திருந்தால் கொன்றவன் நான்தான் என்ற ஒரே நினைப்புதான்.

காளவாசலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, முத்துச்செல்வி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அசந்து தூங்குறாரு" என்றாள்.

உள்ளே அவள் புருஷன் விருமாண்டி தூங்கவில்லை. இமையைத் தூக்க முடியாமல் கிடந்தார். கூப்பிட்டதற்கு நாக்குக் குழறியது.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். "ஏம்மா உடனே கொண்டுவரல?"

அவள் போனை நீட்டினாள். வாசித்த டாக்டருக்கு முகம் சிவந்தது. "எந்த முட்டாள் எழுதினது இதை?"

"அப்படிச் சொல்லாதீக சார். நல்ல மனுசரு. கேட்ட ஒடனே பதில் சொன்னாரு."

பின்னால் நின்ற கார்த்திகேஷுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. "நான்தான் சார்" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

விருமாண்டி கண் திறக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் வார்டு வாசலில் கிடந்த கார்த்திகேஷை அவள் பார்த்தும் பாராமல் தாண்டிப் போய்வந்தாள்.

நாலாம் நாள் கடையைத் திறந்தான். வழிகாட்டியில், தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள். "ரொம்ப நன்றி அண்ணே."

கார்த்திகேஷ், தான் அவருக்கு என்ன பதில் சொல்லியிருந்தோம் என்று தேடத் தொடங்கினான்.