நல்ல கண்ணுக்காரன் ரத்தம்

என் அக்கா கண் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மரபணு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். நான் பஸ் ஓட்டுகிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் அவளுக்கு நான் இன்னும் மூக்குச் சிந்திவிட வேண்டிய பிள்ளைதான்.

போன மாதம் கண் அழுத்த நோய் ஆய்வுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டதாம். ஆள் கிடைக்கவில்லை. தன் ரத்தத்தில் ஒரு குழாய் கொடுத்தாள், அடுத்து என்னைப் பிடித்தாள். ரத்தம் எடுக்குமுன் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

"உனக்கெல்லாம் எதுக்குடா? அந்தத் தெருமுனையில நிக்கிற போலீஸ்காரர் மீசையில நரை இருந்தாக்கூட சொல்லிடுவ."

இரண்டு பேருக்கும் 'கண் நலம்' என்று தானே டிக் அடித்துக்கொண்டாள். அவளுக்கா விதி தெரியாது? சொந்தக்காரன் என்றால் எல்லோருக்கும் கை தளர்ந்துவிடுகிறது.

நேற்று மதியம் டிப்போவுக்கே வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பேசாம என்கூட வா. கண்ணைப் பார்க்கணும்."

"டிரிப் இருக்குக்கா."

"டிரிப்பை இன்னொருத்தர் ஓட்டுவார். உன் கண்ணுக்கு இன்னொருத்தர் இருக்காங்களா?"

வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். கிருமியோடு சண்டை போடுவதற்கென்று உடம்பில் சில மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்று எனக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவர்கள் ஆய்வில் கண் அழுத்த நோயாளிகளிடம் அந்த மாற்றம் சற்று அதிகம். அந்த நோய் வந்தால் வலிக்காது, சத்தமே இல்லாமல் ஓரத்துப் பார்வையைத் தின்றுகொண்டே வரும்.

"அப்ப நான் குருடாயிடுவேனா?"

"வாயைக் கழுவு!"

பார்வை போனால் ஸ்டீயரிங் போச்சு. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நல்லா இருந்தவனை ஊசி குத்தி நோயாளி ஆக்கிட்ட!"

"என் ரத்தத்தையும் பார்த்தேன்டா. எனக்கு அந்த மாற்றம் இல்ல. அது எனக்கு இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கண் கலங்கினாள்.

மாடியில் பரிசோதனை அறை. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு, நடுப்புள்ளியை முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் முரண்டு பிடித்தேன்.

"அட, சின்னப்பிள்ளையா நீ? தள்ளு. நான் உட்கார்றேன், பார்த்துக்க."

அங்கே வேலை பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே அக்காவின் இடது கண்ணை மூடிவிட்டாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மூக்குப் பக்கம், மேலே, பளிச்சென்று ஒரு புள்ளி வந்து போனது. அக்கா அழுத்தவில்லை. இன்னொன்று. அதற்கும் அழுத்தவில்லை.

"என்னக்கா, தூங்கிட்டியா? எத்தனை வெளிச்சம் போகுது, அழுத்து!"

"எங்கடா வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பினால், அந்தப் பெண் சிரிக்கவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, வருடம் ஒருமுறை வந்து காட்டினால் போதும். அக்காவின் வலது கண்ணில் மேல் ஓரம் போய்விட்டது, போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம்.

"அந்த மாற்றம் இருந்தா வந்தே தீரும்னு இல்ல, இல்லாட்டி வராதுன்னும் இல்ல. இதை எங்களுக்கே சொல்றது நீங்கதானே?" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைத் தட்டினாள்.

"உனக்கு ஒண்ணுமில்ல. அது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன போதும்? எனக்காக டிப்போ வரைக்கும் ஓடி வந்தியே, உனக்காக இந்த மாடிப்படி ஏறி ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த நாற்காலியில உட்கார்ந்தியா? இருபது வருஷமா கீழதானே இருக்க!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கும் உனக்காகத்தான்டா ஏறினேன்."

அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.