ஏழாம் நம்பர் பெட்டி

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் சீட்டு கொடுப்பது அனுசுயாவின் வேலை. காலை பதினொரு மணிக்கு லாரி வரத்து கொஞ்சம் ஓய்ந்தபோதுதான் செல்போனில், பழைய நினைவுகளைப் போடும் ஓர் இணையப் பக்கத்தில், அந்த வீடியோவைப் பார்த்தாள். பெரம்பலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்று. வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த டிராகன் ரயில் பெட்டி. அதற்குள் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள். 'மயில் லேண்ட் ஞாபகம் இருக்கா? நம்ம சின்ன வயசு சந்தோஷம் திரும்பி வந்துருச்சு' என்று கீழே எழுதியிருந்தது. அந்த நாள் மறுபடி வருமா என்று நூறு பேர் உருகியிருந்தார்கள்.

அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

மயில் லேண்ட் பூங்காவை மூடி ஆறு வருஷமாகிறது. அதற்கு முன்பு அங்கே அந்த டிராகன் ரயிலை ஓட்டியவள் அவள். பிள்ளைகளை ஏற்றி, மடிக்கு மேல் இரும்புக் கம்பியை இறக்கி, பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கலன்று, ஏழாம் பெட்டியின் கொக்கி வளைவில் கழன்றுகொண்டது. லப்பைக்குடிகாட்டிலிருந்து வந்திருந்த ஹுஸ்னா என்ற ஒன்பது வயதுச் சிறுமி வெளியே போய் விழுந்தாள். உயிர் தப்பியது. இடது கால் முட்டியோடு நசுங்கிப்போனது.

கொக்கி தேய்ந்துவிட்டதென்று அன்று காலையிலேயே மேனேஜர் அரியமுத்துவிடம் அனுசுயா சொல்லியிருந்தாள். "கட்டுக்கம்பியச் சுத்தி நெருக்கிட்டு ஓட்டும்மா. வாசல்ல கூட்டத்தப் பாத்தியா?" என்று அவரே கம்பியை எடுத்துக் கொடுத்தார். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் அந்தப் பெட்டியே காணாமல் போனது. எங்கள் ரயிலுக்கு எப்போதும் ஆறு பெட்டிதான், ரயிலை ஓட்டிய பெண்தான் கம்பியை இறக்காமலே வண்டியை விட்டுவிட்டாள் என்று பூங்கா நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. அனுசுயாவின் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. வேலை போனது. பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. சொந்த ஊரான வாலிகண்டபுரத்தில் அவள் தெருவில் நடந்தால், புள்ளைய தள்ளிவுட்டவ போறா பாரு என்று காதுபடவே பேசினார்கள். அதற்குப் பிறகுதான் அரியலூருக்கு வந்து சேர்ந்தாள்.

வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெட்டியின் பக்கவாட்டுக் கொக்கியில், பெயின்டுக்கு அடியில், ஏதோ சுற்றியிருந்தது புடைத்துத் தெரிந்தது. அடுத்த பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஓட்டல் வாசலில் வெயில் சுட்டெரித்தது. பெட்டிக்குள் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்து அவள் அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைய கீழ எறக்குங்க" என்றாள் அனுசுயா.

"ஏங்க, ஒரே ஒரு போட்டோ..."

"எறக்குங்கன்னு சொல்றேன்ல."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அனுசுயா சாவியை எடுத்து முன்பக்கப் பெயின்டைச் சுரண்டத் தொடங்கினாள். பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் வெள்ளையில் எழுதிய ஏழு. கொக்கியைச் சுரண்டினாள். துருவேறிய கட்டுக்கம்பி வெளியே வந்தது. அவள் கையால் சுற்றிய கம்பி. பதின்மூன்று வருஷம் இல்லவே இல்லையென்று சொன்ன பெட்டி, பூச்செடிக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சத்தம் கேட்டு ஓட்டல்காரர் அருள்முருகன் ஓடிவந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. பழைய இரும்புக் கடையில வாங்குனேன். எங்கப்பா என்னய அதுல ஏத்தி வுட்ருக்காரு, அந்த ஆசையில வாங்குனது. வேணாம்னா சொல்லுங்க, இன்னிக்கே தூக்கி ஒடைக்கப் போட்டுடறேன்."

"ஏற்கெனவே ஒருக்கா காணாமப் பண்ணிட்டாங்க. நீயும் பண்ணப் போறியா? இது எடத்த வுட்டு நகந்துச்சுன்னா ஒன் ஓட்டல் வாசல்லயே உக்காந்துருவேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் ஏத்தாத."

அங்கிருந்து நேராக லப்பைக்குடிகாட்டுக்குப் போனாள். மருந்துக் கடையில் ஹுஸ்னா வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கல்லாவுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன வேணுங்க?"

"நான் அனுசுயா. மயில் லேண்டுல டிராகன் ரயில் ஓட்டுனவ."

ஹுஸ்னா கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசம் கழிச்சு எதுக்கு வந்தீங்க?"

"அப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒங்க ஆளுங்க வாசல்லயே தொரத்தி வுட்டுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. இப்ப அந்தப் பெட்டி கெடச்சிருக்கு. நீயே வந்து பாரு."

ஹுஸ்னா கடை முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அனுசுயா பின்னால் ஏறிக்கொண்டாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஹுஸ்னா சிறிது தயங்கினாள். பிறகு விளிம்பைப் பிடித்து, இடது காலைக் கையாலேயே தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தாள். கம்பியை இழுத்து மடிமேல் இறக்கினாள். கொக்கி டக்கென்று மாட்டியது. ஒரு விரலால் கம்பியை மேலே தள்ளினாள். அது தாராளமாகத் திறந்துகொண்டது. மறுபடி மாட்டினாள். மறுபடி திறந்துகொண்டது.

"இந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நீங்க பூட்டுனீங்கன்னு வூட்ல நான் சொன்னேன். சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்னுட்டாங்க. போகப் போக நானே நம்பாமப் போயிட்டேன்."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்றிருந்தது அனுசுயாவுக்கு. "கொக்கி சரியில்லன்னு காலையிலயே சொன்னேம்மா. மேனேஜர்தான் கட்டுக்கம்பியக் கொடுத்து ஓட்டச் சொன்னாரு."

ஹுஸ்னா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"காலையிலயே தெரியுமா?"

"சொன்னேனே..."

"சொன்னீங்க, சரி. அதுக்கப்பறம் என்னய ஏத்தி வுட்டது யாரு? பொத்தான அழுத்துனது அவரா?"

பதின்மூன்று வருஷமாக அனுசுயா மனசுக்குள் திட்டியதெல்லாம் அரியமுத்துவைத்தான். அன்று மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வேலைதான் எப்படியும் போய்விட்டதே.

"நாந்தான்" என்றாள்.

"அதையும் சொல்லுங்க." ஹுஸ்னா செல்போனை எடுத்து நீட்டிப் பிடித்தாள். "அவங்க பண்ணது, நீங்க பண்ணது, ரெண்டையும் சொல்லுங்க. பாதிய முழுங்குனீங்கன்னா எனக்கு வேணாம்."

அனுசுயா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பிட வந்தவர்கள் கூடி நின்று கேட்டார்கள். அருள்முருகன் உள்ளே போய் ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து, அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, பெட்டியை மூடிக் கட்டினார். அதிகாரிகள் யாராவது வந்து பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கும் என்றார்.

அந்த வீடியோவை ஹுஸ்னா அந்தப் பழைய நினைவுப் பக்கத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். நல்ல ஞாபகத்தைக் கெடுக்காதீங்க என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்வதுபோல் ஹுஸ்னா தன் காலைப் படமெடுத்துப் போட்டாள். அதையும் நீக்கினார்கள். அதற்குள் பலர் எடுத்துப் பரப்பிவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் இருவரும் நின்றார்கள். ஹுஸ்னா எழுதிக்கொண்டு வந்திருந்த மனுவை நீட்டினாள். யார் மேல் புகார் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பூங்கா முதலாளி, மேனேஜர் அரியமுத்து, மூன்றாவதாக அனுசுயா.

"நான் ஒங்கள மன்னிக்கலங்க" என்றாள் ஹுஸ்னா.

"நான் கேக்கல."

"சாட்சி கையெழுத்துக்கும் வேற ஆளு இல்ல."

அனுசுயா மனுவை முழுக்கப் படித்தாள். ஓரிடத்தில் தேதி தவறாக இருந்தது, அடித்துத் திருத்தினாள். பிறகு தன் பெயர் புகாரில் இருந்த அதே தாளில், சாட்சி என்ற இடத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரிசை நகரவும் ஹுஸ்னாவுக்குப் பின்னால் ஓரடி எடுத்து வைத்தாள்.