பூவிலேயே குத்தகைக்குப் போன நாவல்

தமிழ் இலக்கியத்தின் நீண்ட வரலாற்றில் ஆக முக்கியமான நாள் சென்ற கார்த்திகை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்பதை, இதுவரை அறியாதவர்களின் நன்மைக்காக இங்கே பதிவு செய்து வைக்கிறோம். அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, முதலமடை மாந்தோப்புக்காரர்களின் கூட்டத்தில், உரத்தைப் பற்றிய பேச்சு முடிந்து வடை வந்து சேர்வதற்குள் கிடைத்த சிறு இடைவெளியில், பதினெட்டு ஏக்கர் தோப்பின் உடையவரும் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவருமான ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்று, தாம் ஒரு நாவல் எழுதப்போவதாக அறிவித்தார்.

மார்ச் முதல் ஞாயிறு பிரகாசனம். வெளியீட்டு விழாவுக்கு இந்த எல்லைப்புறத்து மலையாளத்தில் அதுதான் பெயர். கேட்கவும் பளிச்சென்று இருக்கிறது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. தலைமை தாங்க மூணாற்றில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் அமிர்தநாதன் ஒப்புக்கொண்டுவிட்டார். நாவலில் பாக்கி இருந்தது எழுதுவது மட்டும்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். முதலமடைக்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இங்கே மரம் பூப்பதற்கு முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத மாங்காயைப் பேசி, முடித்து, கைகொடுத்துவிட்டுப் போகிற ஊரில், கண்ணுக்குத் தெரியாத நாவலுக்கு மண்டபம் பிடிப்பதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? கைதட்டினார்கள். வடை வந்தது.

ஈஸ்வரமூர்த்தியின் இலக்கிய வாழ்க்கைக்கு ஐம்பது வருடச் சரித்திரம் உண்டு. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டாராம். மற்றவர்கள் கலெக்டர், டாக்டர் என்று பிதற்ற, இவர் மட்டும் நிமிர்ந்து நின்று "எழுத்தாளர்" என்றாராம். வாத்தியார் வகுப்பையே கைதட்டச் சொன்னாராம். இந்தக் கதையைப் பள்ளியின் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவர் மேடையேறிச் சொல்லிவந்தார். முதல் வருடம் சொன்னபோது கதையில் வாத்தியார் கண்கலங்கினார். ஐந்தாவது வருடம் தேம்பினார். போன வருடம் தலைமையாசிரியரும் ஓடிவந்து கூடச் சேர்ந்து அழுதார்.

இந்தச் சரித்திரத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் ஒருவர் உண்டு: அவருடைய மகள் பிரதீபா. அதே பள்ளியில், அதே மூன்றாம் வகுப்பில், அதே கேள்விக்கு அவள் எழுந்து, "கதை எழுதுவேன் டீச்சர்" என்றாள்.

"அது உங்கப்பாவோடது. நீ வேற சொல்லு" என்றார் டீச்சர்.

பிரதீபா நர்ஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நர்ஸ் ஆகவில்லை. இப்போது இருபத்தேழு வயதில், பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் ஊராருக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறாள். ஆள் வராத நேரத்தில் கதை எழுதினாள். பதினோரு கதைகள் சேர்ந்திருந்தன. ஒன்றைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு எழுத்தாளர்களுக்கு இடமில்லை என்பது அவளுக்கு எட்டு வயதிலேயே சொல்லித்தரப்பட்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி மாடியறையைக் காலி செய்தார். தேக்கு மேசை வந்தது. சுற்றுகிற நாற்காலி வந்தது. கதவில் 'எழுத்தாளர் அறை' என்று பலகை ஏறியது. ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் வரியை எழுதினார்: சூரியன் உதித்தது. மறுநாள் அதை அடித்துவிட்டு, சூரியன் மெல்ல உதித்தது என்று திருத்தினார். மூன்றாம் நாள் 'மெல்ல' இரண்டானது. ஒரு மாதம் கழிந்தும் அந்த நாவலில் வெளிச்சம் வரவில்லை.

மனைவி நாச்சம்மாள் காப்பியோடு மேலே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னும் விடியலீங்களா?"

"எழுத்துன்னா லேசுன்னு நெனச்சியா? உள்ளுக்குள்ள ஊறோணும்."

"ஊறட்டுமுங்க. உப்புப் போட்டு வெச்சா மாங்காயே நாலு நாள்ல ஊறீருது."

தை பிறந்தது. விழாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கடைக்குப் போனால் கடைக்காரர், சலூனுக்குப் போனால் சலூன்காரர், "நாவல் எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று விசாரித்தார்கள். "பூவெடுத்துருச்சு" என்று சொல்லிச் சமாளித்தார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மிணி, நீ நல்லா டைப் அடிப்பயில்ல?"

"அடிப்பனுங்கப்பா."

"நாவலு பூரா என்ற மண்டையில இருக்குது. எறக்கி வெக்கத்தான் ஆளு வேணும். நீயே கொஞ்சம் எழுதிக் குடுத்தீன்னா..."

பிரதீபாவின் கை சாதத்தில் நின்றது. இத்தனை வருடத்தில் இந்த வாசல் தானாகத் திறக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் சும்மா எழுதிக் கொடுத்தால் அந்தப் பன்னிரண்டாவது கதை அப்பாவுடையதாகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சும்மா எழுதித் தரமாட்டனுங்கப்பா. குத்தகைக்கு எடுத்துக்கறேன்."

"என்னது?"

"நம்ம தோப்பை உடற மாதிரியேதானுங்க. அதே கரார், அதே சட்டம்."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் மலர்ந்தது. இலக்கியம் முதன்முறையாக அவருக்குப் புரிகிற பாஷையில் பேசியது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமை பேசுவதில் அவருக்கு எல்லை இல்லை. ஆனால் கரார், அதாவது ஒப்பந்தம் என்று வந்துவிட்டால், அவர் மீது ஒரு குற்றம் கிடையாது. குத்தகைக்கு விட்டபின் மரம்தான் உடையவருடையது, காய் குத்தகைக்காரருடையது. மருந்து எப்போது அடிப்பது, காய் எப்போது பறிப்பது என்று உடையவர் வாய்திறக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் சாயங்கால நடையில் ஊறுகாய்க்கென்று நாலு காயை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஈஸ்வரமூர்த்தி அதுவும் செய்யமாட்டார். பதினெட்டு ஏக்கரை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தையில் மாம்பழம் வாங்கித் தின்கிற ஒரே மனிதர் அவர்தான்.

அப்போதே கரார் எழுதினார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள் என்பதால் பிரதீபா ஒரு வரியும் விடவில்லை. நாச்சம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏனுங்க, இவ எழுதறதுக்கு நீங்க எதுக்குங்க?"

"மண்ணு நம்முளுதாச்சே" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

மாடியறைச் சாவி மகளிடம் போனது. அவள் முதல் காரியமாகச் சூரியனைக் கிழித்துப் போட்டாள்.

அப்புறம் ஆறு வாரம் அந்த வீட்டில் எழுத்தாளர், மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தார். மேலே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்கும். அவர் மூன்றாவது படி வரைக்கும் ஏறுவார், இறங்குவார்.

"அம்மிணி, ஒரே ஒரு வரி படிச்சுக் காட்டு."

"குத்தகைங்கப்பா."

"கதை எதைப் பத்தின்னாச்சும் சொல்லு. வெளிய கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"நல்லாக் காய் புடிச்சிருக்குதுன்னு சொல்லுங்க."

கதை, அந்த மூன்றாம் வகுப்பைப் பற்றியது. கலெக்டர், டாக்டர் என்று பிதற்றிய பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று எழுதலாமென்று ஆரம்பித்து, விவரம் கேட்க அவள் ஆறுச்சாமியைத் தேடிப் போனாள். ஆறுச்சாமி அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இன்று மாங்காய் பறிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. ஒரு மரத்தடியில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"உங்கப்பன் எழுத்தாளருன்னு சொன்னது நெசந்தான் கண்ணு. ஏன் சொன்னான்னு சொல்லியிருக்கானா?"

"ஆசைங்க மாமா. பொறவியிலயே."

ஆறுச்சாமி சிரித்த சிரிப்பில் மரத்தின் மேலிருந்த ஆள் கீழே குனிந்து பார்த்தார்.

"அட போ கண்ணு! முன்னால ஒருத்தன் சொன்னதப் பின்னால ஒருத்தன் சொல்லப்படாதுன்னு வாத்தியாரு சட்டம் போட்டுட்டாரு. நாங்க கடைசி பெஞ்சு. எங்ககிட்ட வர்றதுக்குள்ள கலெக்டரு போச்சு, டாக்டரு போச்சு, போலீசு போச்சு, ஏரோப்ளேன் ஓட்டறதுகூடப் போச்சு. உங்கப்பனுக்கு பஸ்ஸு கண்டக்டரு ஆகோணும்னு உசுரு. நான் முந்திக்கிட்டேன்."

"நீங்களா!"

"எனக்கொண்ணும் ஆசையில்ல. அவன் வாயெடுத்தானா, சும்மா வம்புக்குத்தான் சொன்னேன். பாவம், முழிச்சான். செவுத்துல ஒரு தாடிக்காரரு ஏட்டும் எழுத்தாணியுமா படத்துல உக்காந்திருந்தாரு. அவரப் பாத்துக் கையக் காட்டி எழுத்தாளருன்னுட்டான். வாத்தியாரு அசந்துபோய்க் கைதட்டச் சொல்லீட்டாரு. அந்தக் கைதட்டுதான் அவனக் கெடுத்துப் போட்டுது."

பிரதீபா வீட்டுக்கு வந்து அதுவரை எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள்.

பிப்ரவரி கடைசியில் அச்சகத்திலிருந்து அட்டையின் மாதிரி வந்தது. பிரதீபா அப்போது சென்டரில் இருந்தாள். ஈஸ்வரமூர்த்தி உறையைப் பிரித்தார். மாமரத்தடியில் ஒரு பெஞ்சு. மேலே நாவலின் பெயர். கீழே 'பிரதீபா'. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலும் அவர் பெயர் இல்லை. உறையை உதறிப் பார்த்தார். அதிலிருந்தும் விழவில்லை.

மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்ற பேரு எங்க?"

"நம்ம தோப்பு மாங்காய் டெல்லிக்குப் போகுதே, பொட்டி மேல யாரு பேருங்கப்பா இருக்குது?"

"குத்தகைக்காரன் பேரு. அதுக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கு, தான் சொன்னது காதில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது மாங்கா, அம்மிணி. இது நாவலு. ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்குது. பேராசிரியரு மூணாறுல இருந்து வாராரு. என்ற பேரு இல்லாட்டி பிரகாசனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்டபத்த வேண்டாம்னு சொல்லீர்றேன்."

"சொல்லிக்குங்கப்பா. ஆனா பேர மாத்தமாட்டேன்." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "மூணாங்கிளாஸ்ல ஒருக்கா உட்டுக் குடுத்துட்டேன். நர்சுன்னு சொல்லீட்டு உக்காந்தேன். மறுக்காவும் உக்காரச் சொல்றீங்களா?"

ஈஸ்வரமூர்த்திக்கு அது என்னவென்று புரியவில்லை. நாச்சம்மாள் அடுப்படியிலிருந்தே விளக்கினாள்.

"வருசா வருசம் மேடையில ஏறிச் சொன்னீங்கல்ல, அதுல வந்த வெனைங்க. டீச்சரு இவளச் சொல்ல உடலீங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு திங்கலீங்க இவ. நான் வயித்து வலின்னு நெனச்சிட்டேன்."

பிரதீபா பையிலிருந்து அச்சுத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க வாங்காட்டியும், மொதப் பறிப்புல ஒரு பொட்டி தோப்புக்காரருக்குன்னு வழக்கமிருக்குதுல்ல. எடுத்துக்குங்க. படிச்சுப்போட்டு, மண்டபம் வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

அவர் தாள்களோடு மாடிக்குப் போனார். மறுநாள் காலை காப்பிக்கு இறங்கி வந்தபோது ஜிப்பா போட்டிருக்கவில்லை. பனியனோடு படியில் உட்கார்ந்தார்.

"ஆறுச்சாமி சொன்னானாக்கும்?"

"ஆமாங்கப்பா."

"விசிலப் பத்திச் சொன்னானா?"

"இல்லீங்களே."

"அதச் சொல்லமாட்டான். அவங்கிட்ட நெசமாலுமே கண்டக்டரு விசிலு ஒண்ணு இருந்துச்சு. மாமன் வாங்கிக் குடுத்தது. நான் பத்து மாங்காய்க்கு ஒருக்கா ஊதக் கேட்டேன். தர்லீன்னுட்டான். அதையும் சேத்திக்க."

"குத்தகைத் தோப்புல நீங்க ஓசனை சொல்லப்படாதுங்கப்பா."

"சேத்திக்க அம்மிணி" என்றார். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லாததால் உத்தரவு போலத்தான் வந்தது. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பேரு உன்றதே இருக்கட்டும்" என்றார்.

பிரதீபா அவரையே பார்த்தாள்.

"பின்ன? எழுத்தாளனாகோணும்னு நான் நெனச்சதே இல்லீன்னு மொத அத்தியாயத்துலயே எழுதி வெச்சிருக்கற. அது மேல என்ற பேரப் போட்டா, ஊரு சிரிக்காதா?"

விசில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் சேர்ந்தது.

மார்ச் முதல் ஞாயிறு பிரகாசனம் குறித்தபடி நடந்தது. பேராசிரியர் அமிர்தநாதன் நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதில் சூரியோதய வர்ணனை தம்மை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். நாவலில் சூரியனே கிடையாது. ஆறுச்சாமியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, போர்த்தியவருக்கும் தெரியவில்லை.

ஈஸ்வரமூர்த்தி மேடையில் தமக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, "முன்னால போங்க, முன்னால போங்க! நடுவுல எடம் இருக்குது பாருங்க! வாசல்ல நிக்காதீங்க!" என்று வருகிறவர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டோக்கனை அவரே கிழித்துக் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை என்று நாச்சம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பிரதீபா கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கம்ப்யூட்டர் சென்டர் பழக்கத்தில் முதல் பத்துப் பிரதிகளில் தேதியும் இடமும் எழுதிவிட்டாள். பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுதாக, நிதானமாக, ரசித்து எழுதினாள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

நானும் வரிசையில் நின்று ஒரு பிரதி வாங்கினேன். இரண்டே நாளில் படித்து முடித்தேன். நாவல் சுமார்தான்.