‘சைவம் மட்டும்’ என்று எழுதியவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது என் சிறுகதைத் தொகுப்பு அல்ல. பக்கத்து வீட்டு கேட்டில் தொங்கும் ஓர் அட்டை. “வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்.” உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று, மாடியை வாடகைக்கு விடுகிற வீட்டுக்கார அக்கா செல்லக்கிளி சொன்னார், நானும் உச்சி குளிர்ந்து எழுதிக் கொடுத்தேன்.

செல்லக்கிளி வாரத்தில் ஐந்து நாள் மீன் சாப்பிடுகிறவர். ஆகவே அது சமையலைப் பற்றிய அட்டை அல்ல. ‘வேற ஆளுக வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் அட்டை. எங்கள் தூத்துக்குடியில் அதைப் படிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அந்த வெட்கத்தில் பிறந்தது இந்தக் கதை.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

“முத்துக்குளிக்கும் பழம்பெரும் நகரில், அதிகாலைக் கதிரவன் பொன்னொளி வீச—” (கதை நடப்பது பகல் பதினோரு மணிக்கு. கதிரவன் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தான்.)

“மத நல்லிணக்கம் என்பது—” (அடித்துவிட்டேன். நானே படிக்க மாட்டேன்.)

“செல்லக்கிளி சாளை மீன் குழம்பை அடுப்பில் ஏற்றிய நேரம், கேட் சத்தம் கேட்டது.” இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். தலையைச் சுற்றி ஷால். பார்த்த மாத்திரத்தில் செல்லக்கிளி பதிலைத் தயார் செய்துகொண்டார்: மகன் குடிவருகிறான், வீடு காலியில்லை.

“எம் பேரு ஜுலைஹா, அக்கா. காயல்பட்டினம். ஹார்பர்ல கன்டெய்னர் பேப்பர் பாக்குத வேலை. காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு, ஊர்லேர்ந்து வந்து முடியல.”

“நீங்க போர்டப் பாக்கலியா?”

“பாத்துதான் வந்தேன். நான் சைவம்.”

செல்லக்கிளி அட்டையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அட்டையில் போட்ட நிபந்தனைக்கு அப்படியே பொருந்துகிற ஆள் வந்து நிற்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“உங்கள்லயா? சைவமா?”

“சின்னதுலேர்ந்தே மீன் வாடை ஆவாதுக்கா. குமட்டும். வீட்டுல எல்லாருக்கும் நான்தான் கேலி.” ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “இங்கன யாரு வீட்டுல சாளை கொதிக்கு?”

செல்லக்கிளி கண் இமைக்காமல் கையை நீட்டினார். “அந்தா, பக்கத்து வீடு. கதை எழுதுத பய ஒருத்தன் இருக்கான்.”

(நேற்று என் வீட்டில் ரசமும் அப்பளமும். மதில் தாண்டி இதைக் கேட்டுக்கொண்டே அப்பளம் பொரித்தேன்.)

ஜுலைஹா சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. “ஏழு வீடு பாத்துட்டேன்க்கா. எல்லா கேட்லயும் இதே போர்டு. நான் சைவம்தான்னு சொன்னதும் முழிக்காக. பொறவு, மகன் குடிவாரான்னு சொல்லுதாக. ஏழு வீட்லயும் மகன்! ஹார்பர்ல எந்த நாட்டுக் கொடி போட்ட கப்பல் வந்தாலும் கட்ட இடம் குடுக்கோம். நாப்பது கிலோமீட்டர்லேர்ந்து வந்த எனக்கு ஒரு ரூம் இல்ல. இந்த வாரமும் அமையலன்னா வேலைய விட வேண்டியதுதான்.”

தொண்டை வரை வந்த மகனைச் செல்லக்கிளி விழுங்கினார். அவருக்கு இருப்பது இரண்டு மகள்கள்.

(ஒரே வரியில் அவருக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுக்க என்னால் முடியும். மாட்டேன். அட்டை எழுதிக் கொடுத்த பாவமே போதும்.)

“நாளைக்கு லீவுதான? பத்து மணிக்கு வாங்க. சொல்லுதேன்” என்றார்.

வாங்க, போங்க. தன் ஆள் என்று நினைக்கிற பெண்ணைச் செல்லக்கிளி ஒருநாளும் அப்படிக் கூப்பிட மாட்டார், ‘ஏளா’ என்பார். அவர் மரியாதை கொடுக்கிறார் என்றால் தள்ளி நிற்கிறார் என்று அர்த்தம்.

4

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் செல்லக்கிளியிடமே காட்டினேன்.

“ஏலே, கிளியா? என் உடம்பப் பாத்து எவன் கிளிம்பான்?”

“கதைக்கு ஒரு பேரு வேணும்லாக்கா.”

“சரி, முடிவு என்ன?”

இரண்டு வைத்திருந்தேன். முதலாவது: ‘செல்லக்கிளி மனம் மாறி, கண்ணீர் மல்க அவளை அணைத்து—’

“நான் எப்பம்லே அழுதேன்?”

இரண்டாவது: வீடு இல்லை என்கிறார். ஜுலைஹா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறாள்.

இதைக் கேட்டதும் அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“அந்தப் பிள்ளைட்ட பொய் சொல்லிட்டேம்லா” என்றார் கடைசியில்.

“ஆமாக்கா. போர்டுல, சைவம்னு.”

“அது இல்லலே. உன் வீட்டுல மீனுன்னு.”

5

இன்று காலை ஒன்பது மணிக்கு மதில் மேல் ஒரு சட்டி வந்தது. கழுவி மஞ்சள் தடவிய சாளை.

“இத உன் வீட்டுல வையி. நான் சொன்னது பொய்யாப் போவக் கூடாது. வெந்ததும் எனக்கு ஒரு கிண்ணம் குடு. ஜன்னலச் சாத்திக்கோ, அந்தப் பிள்ளைக்கு வாடை ஆவாதுலா.”

கதை எழுதுகிறவன் நான். பொய்யை உண்மையாக்கத் தெரிந்தவர் அவர். சட்டியோடு அந்த அட்டையும் வந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது மணி பத்து. சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே பார்க்கிறேன். ஜுலைஹா கேட்டைத் திறக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு என் வீட்டை முறைக்கிறாள். சமையல் வாடையை வைத்து ஒருவர் என்னை எடை போடுவது இதுதான் முதல் முறை. எனக்கு வேண்டியதுதான்.

செல்லக்கிளி மாடிப்படியில் நிற்கிறார். கையில் ஏதோ இருக்கிறது. சாவியா, கரண்டியா, இந்த இடுக்கில் தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன். ஒருமுறை இரண்டு வார்த்தை எழுதிப் பட்டது போதும். அட்டையின் பின்பக்கத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது:

“ஏளா, அவன் வீட்டு வாடைய விடு. மேல ஏறி வா.”