ஆறு குரல், ஏழு பிள்ளைகள்

அந்த சின்தசைசர் மின்னிசைக் கருவியில் ஒரே சமயத்தில் ஆறு குரல்தான் ஒலிக்கும். அம்மாவுக்கோ ஏழு பிள்ளைகள். இந்தச் சின்னக் கணக்கு மூன்றாமவளின் மண்டையில் உறைத்தபோது விழாவுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய அம்மாவுக்கு அன்று மாலை பணிமனைக் கூடத்தில் பிரிவுபசாரம். ஏழு பிள்ளைகளும் ஆளுக்கொரு கட்டையை ஒருவர் பின் ஒருவராக அழுத்த, ஏழு சத்தமும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது மூன்றாமவளின் ஆசை. நாடகங்களுக்கு ஒலி அமைப்பவள் அவள். குமிழ்களைத் திருகித் திருகி, சத்தம் மெல்லப் பிறந்து மெல்ல அடங்கும்படி ஒரு வாரம் இழைத்திருந்தாள். ஆனால் பாவி, வாசித்துப் பார்த்ததெல்லாம் ஐந்து விரலால்!

ஒத்திகையில் பெரியக்கா முதல் கட்டையை அழுத்தினாள். கடைக்குட்டித் தம்பி ஏழாவதை அழுத்தியதும் அவளுடைய சத்தம் பொசுக்கென்று நின்றது.

“ஏய், என் சத்தம் எங்கடி?”

“ஆறுக்கு மேல போனா, முதல்ல வந்ததைப் பிடுங்கி கடைசியா வந்ததுக்குக் குடுத்துடும்க்கா.”

“அட, மெஷினுக்குக்கூட நம்ம வீட்டு வழக்கம் தெரிஞ்சிருக்கே!”

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாமவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மா வண்டியோடு போன நாளெல்லாம் ஆறு தலைக்கும் வாரிவிட்டவள் அக்கா. புதுச் செருப்பு, ஜன்னலோர இடம், கடைசித் துண்டு கேக், எல்லாம் விட்டுக்கொடுத்தே பழகியவள். வரிசையை மாற்றிப் பார்த்தார்கள், இரண்டாமவன் ஊமையானான். உடனே அவன் குய்யோ முறையோ என்று கத்தினான்.

“சண்டை வேணாம். நான் கீழ உக்காந்து கை தட்டுறேன்” என்று அக்கா நகர்ந்தாள்.

மூன்றாமவளுக்கு அழுகை முட்டியது. அக்கா இல்லாமல் இது எதற்கு? மற்ற ஐவரும் கட்டைகளை அழுத்தியபடியே இருக்க, அவளும் ஒரு கையைத் தன் கட்டையில் வைத்துக்கொண்டு, ஆத்திரத்தில் மறு கையால், சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் குமிழை இடப்பக்கம் திருகினாள். ஆறு சத்தமும் போர்வைக்குள் பேசுவது போல மங்கின. வலப்பக்கம் திருகினாள், ஆறும் பளிச்சென்று வாய் திறந்தன. பக்கத்துக் குமிழையும் ஏற்றினாள். ஃபில்டரே சீட்டியடித்தது, கட்டையே வேண்டாத தனிச் சத்தம்!

“அக்கா, போகாதே! உனக்கு இங்க வேலை இருக்கு!”

மாலையில் ஆறு பேர் கட்டைகளை அழுத்தினார்கள். முணுமுணுப்புதான் வந்தது. முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பாதி எழுந்துவிட்டாள்.

“பெரியவளை ஏன்டி ஓரங்கட்டினீங்க?”

கருவியின் ஓரத்தில் நின்ற அக்கா குமிழைப் பிடித்து மெல்லத் திருகினாள். ஆறு குரலும் விரிந்து கூடத்தை நிறைத்தன. அதற்கும் மேலே ஏழாவதாகச் சீட்டி ஏறியது. வேண்டுமென்றே சட்டென்று மூடினாள். ஆறும் அடங்கின. கூடமே கொல்லென்று சிரித்தது.

“அப்படிப் போடு! அன்னைக்கும் இன்னைக்கும் இதுங்க வாயெல்லாம் உன் கையிலதான்டி!” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாமவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அக்கா குமிழை விடவில்லை.

“எனக்கு ஒரே ஒரு தடவை குடுக்கா” என்று கடைக்குட்டி கெஞ்சினான்.

“போடா, தரமாட்டேன்!” என்றாள் அக்கா.