அடையாளம் மாறுமா?

எங்கள் தோல் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அள்ளும். திருநெல்வேலியிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஜெயசித்ரா டாக்டரம்மா வருவது அன்றைக்குத்தான். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாரும் என்னிடம்தான் வந்து உட்கார வேண்டும். என் பெயர் ராஜகுமாரி, நர்ஸ். முகத்தில் ஒட்டிப்போன இடத்தை உப்ப வைக்கிற ஃபில்லர் ஊசிக்குத்தான் இப்போது கிராக்கி. வலிக்குமா, வீங்குமா, எத்தனை மாதம் தாங்கும், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாமா என்று கேட்டதையே கேட்டு என் வாயை வறள வைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: ஊசி போட்ட இடத்தில், கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைப் பூசலாமா? எங்கள் கோவில் கோமதியம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. அதற்காக ஊசி குத்திய இடத்தில் மண்ணை அப்பினால் சீழ் பிடிக்காதா? இதைச் சொன்னால், சாமியே இல்லை என்று சொன்னவளைப் போல என்னை முறைப்பார்கள்.

கடைசியாக எல்லாரும் பயந்துகொண்டே கேட்பது ஒன்றுதான். "ஆள் அடையாளம் மாறிராதுல்லா?" மாறாது, மாறாது என்று அடித்துச் சொல்லி உள்ளே அனுப்புவேன்.

அபிதா மட்டும்தான் தலைகீழாகக் கேட்டாள்.

"கன்னத்துலயும் நாடியிலயும் போட்டா ஆள் அடையாளம் மாறிருமாக்கா?"

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளை. கல்யாண வயது, லட்சணமான முகம், ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏட்டி, நல்லாத்தானே இருக்க? போலீஸு எதும் ஒன்னயத் தேடுதா?"

அவள் சிரிக்கவில்லை. "நாங்க ரெட்டைப்பிள்ளைக்கா. சுபிதா ஆடி மாசம் காய்ச்சல்ல போயிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அதுல இருந்து எங்கம்மா என்னயப் பாக்கவே மாட்டுக்கா. சோத்தப் போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதா. பேசுனா செவத்தப் பாத்துப் பேசுதா. இந்த மூஞ்சி மாறிட்டா பாப்பால்லா?"

எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளை உள்ளே கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "போட்டா கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஆனா ஒரு வருசம்போல இருந்துட்டுக் கரைஞ்சிரும். பழைய முகம் வந்துரும். அப்ப என்னம்மா செய்வே?"

"அப்பம் ஆபரேசன் பண்ணி ஒரேயடியா மாத்திருங்க, மேடம்."

"இன்னைக்கு உனக்கு ஊசி கிடையாது. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வா."

வருவாளோ மாட்டாளோ என்று வாரமெல்லாம் எனக்கு அதே நினைப்பு. தாயும் மகளுமாக வந்துவிட்டார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று அம்மா தங்கத்தாய்க்குத் தெரியாது. மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி மக்கா! இருக்க மூஞ்சியக் கெடுத்துக்கிடவா வந்த?"

"நீதான் பாக்க மாட்டுக்கியேம்மா."

தங்கத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதும் காலண்டர் பக்கம்தான் முகம். "நீ கதவத் தொறந்து வாரப்பல்லாம் சுபிதா வந்துட்டான்னு ஒரு நொடி உசிரு குளுந்து போவுது. பெறவு பாத்தா நீ. நீதானான்னு மனசு விட்டுப் போவுது. பெத்தவ அப்படி நெனைக்கலாமா? நீ என்னட்டி பாவம் பண்ணுன? அந்த வெக்கத்துலதான் ஒன் மூஞ்சியப் பாக்க முடியல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கும் அப்படித்தாம்மா" என்றாள் அபிதா. "கண்ணாடியில அவதான் தெரியுதா. அவகூடக் கொஞ்ச நேரம் பேசிட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

"பெறவு எதுக்குட்டி மாத்தணும்னு சொல்லுத?"

"நீ பாக்கணும்லா."

கூடப் பிறந்தவளின் முகத்தையும் சேர்த்துத் தொலைக்கத் துணிந்துதான் இந்தப் பிள்ளை இங்கே வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவைத் திறந்து, "இன்னும் எவ்வளவு நேரம், சிஸ்டர்?" என்று தலையை நீட்டினார். "ஆகும் அண்ணாச்சி, போய் உக்காருங்க" என்று சத்தம் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

தங்கத்தாய் நாற்காலியை இழுத்து மகளுக்கு நேராகப் போட்டார். இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்தார். பிடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"எனக்கு அழுக வரும்ட்டி. சில நேரம் அவ பேரச் சொல்லி ஒன்னயக் கூப்பிட்டாலும் கூப்பிட்டுருவேன். கோவிச்சுக்கிடாத."

"கூப்பிடும்மா" என்றாள் அபிதா. "நான் 'என்னம்மா'ன்னு கேக்கேன்."