பூஞ்சை வேஷம்

"அம்மா, டீச்சர் என்னைப் பூஞ்சைன்னு சொல்லிட்டாங்க" என்று மகள் சொன்னதுதான் தாமதம், தையற்காரி ஓடிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மகள் ஒல்லிதான், யார் இல்லை என்றது? ஆனால் 'பூஞ்சை உடம்பு' என்று சொல்லிக்காட்டும் வேலையை இதுவரை மாடியில் குடியிருக்கும் ஓர்ப்படி ஒருத்தியே பார்த்துவந்தாள். தன் மகனின் தோளைத் தட்டிக்கொண்டேதான் சொல்வாள். இப்போது பள்ளிக்கூடமும் சேர்ந்துகொண்டதா? தையற்காரி நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

டீச்சர் பச்சை அட்டையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒல்லியா இருந்தா பூஞ்சைன்னு சொல்லிடுவீங்களா?"

"ஐயோ, அது நாடகத்துல வேஷம்மா! உணவுச் சங்கிலி. புல்லை வெட்டுக்கிளி தின்னும், அதைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைக் கழுகு. கடைசியில உங்க பொண்ணு வந்து எல்லாத்தையும் மக்க..."

"ஓ, மக்கு வேறயா!"

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். செத்ததையும் உதிர்ந்ததையும் பூஞ்சைதான் மக்கவைத்து மண்ணுக்குத் திருப்பித் தருகிறது, அந்தச் சத்தில்தான் புல் மறுபடி முளைக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். தையற்காரியின் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

"கழுகு யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

ஓர்ப்படி மகன்தான். வேறு யார்?

வேஷமே வேண்டாம் என்றால் மகள் கேட்கிற ஜாதியா? பூஞ்சையாகத்தான் நடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தையற்காரி வெள்ளையில் ஒரு குடைத் தொப்பியும் நீளமான போர்வையும் தைத்தாள். கழுகின் இறக்கையைத் தைக்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

"நல்லா அகலமா தை. என் பிள்ளைதான எல்லாருக்கும் மேல நிக்கப்போறான்" என்றாள் ஓர்ப்படி.

நாடகத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பாம்பைத் தின்ற கழுகு இறக்கையை விரித்ததும் ஒரே கைதட்டல். அடுத்து அது கிழடாகிச் சாக வேண்டும். ஆனால் கைதட்டலில் மயங்கிய பயல் அசைவதாக இல்லை.

"விழுடா!" என்று ஓரத்திலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார்.

"கழுகு சாகாது!" என்று பயல் கத்தினான்.

தையற்காரிக்குப் பகீரென்றது. அவன் விழாவிட்டால் பூஞ்சைக்கு ஏது வேலை? மகள் வெறுமனே நின்றுவிட்டு உள்ளே போவாள். அதற்கப்புறம் ஓர்ப்படியின் வாயை யார் மூடுவது?

மகள் வந்தாள். தொப்பிக்குக் கீழே இரண்டு குச்சிக் கால்கள். கழுகை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதன் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவாயில்லண்ணா, கை வலிக்கிற வரைக்கும் பற. எனக்கு அவசரமே இல்ல."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. முதலில் இடது இறக்கை தாழ்ந்தது. பிறகு வலது. கடைசியில் பயல் தானாகவே மல்லாந்தான். மகள் போர்வையால் அவனைத் தலையோடு மூடி, ஓரங்களைப் பக்குவமாகச் செருகினாள். பக்கத்தில் பச்சை அட்டைப் புல் மெதுவாக எழுந்தது.

தையற்காரிக்கு இப்போதுதான் டீச்சர் சொன்னது புரிந்தது. சந்தோஷத்தில் கண்ணீர் கொட்ட, கை சிவக்கத் தட்டினாள்.

ஓர்ப்படி மட்டும் தட்டவில்லை.

"ஏண்டி, என் பிள்ளை எப்ப எழுந்திருப்பான்?"

"இனிமே புல்லாத்தான்க்கா."